விளக்கெரியும் ஹெட்செட்டை நம்பாதே

பாப்பா,

பெட்டியின் சீல் உடைந்திருப்பதைப் பார்த்ததும் கடைக்காரியைச் சந்தேகப்படாதே. உடைத்தது நான். அந்த அம்மாள் முகம் சுளிக்கச் சுளிக்க, கடையிலேயே வைத்து உடைத்தேன். அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்துக் காசு கொடுக்கும் ஆள் உன் அப்பன் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஹெட்போன் மேல் தட்டில் இருக்கிறது, மைக் அடியில் இருக்கிறது, இந்தக் கடிதம் இரண்டுக்கும் நடுவில். சனிக்கிழமை காலையில் நீ சுங்கை பட்டாணியில் பஸ் ஏறி, கோலாலம்பூரில் அந்த வாடகை அறைக்குப் போய்ச் சேர்ந்து, பெட்டியைத் திறக்கும்போதுதான் இதைப் படிப்பாய் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். நேரில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நேரில் நான் வாயைத் திறந்தால் எதைப் பேசினாலும் அது விசாரணையாகிவிடுகிறது. உன் அம்மா அதைப் பலமுறை சொல்லியிருக்கிறாள். அதனால் மில்லில் லோரி வராத மத்தியான நேரங்களில், மூன்று நாளாக, பழைய கிரேடிங் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் நீ ஷிப்டுக்குக் கிளம்பும்போது, வாசலில் குனிந்து சப்பாத்து மாட்டிக்கொண்டே, "ப்பா, கேம் விளையாடவும் அந்த கோலாலம்பூர் வேலைக்கும் ஒரு ஹெட்போன், ஒரு மைக் வேணும். ரெண்டும் சேத்து எறநூத்தம்பது வெள்ளிக்குள்ள. எனக்கு கடைசி வாரம் முழுக்க ஓவர்டைம் இருக்கு. நீங்க பாத்து வாங்கிட்டு வர்றீங்களா?" என்றாய். நான் சரி என்று ஒரு சொல்தான் சொன்னேன். நீ மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு வெகு நேரம் வாசலிலேயே நின்றேன். மூன்று வருடத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் பொருள் அது. அதிலும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? 'இவளா கேட்டாள், இல்லை அம்மாக்காரி சொல்லிக் கொடுத்துக் கேட்க வைத்தாளா?' என்றுதான் போனது. உள்ளே போய் உன் அம்மாவிடமே கேட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ள வாயத் தொறந்து கேட்டிருக்கு. போய் வாங்கிட்டு வாங்க. யாரு சொல்லி கேட்டான்னு அப்பறம் ஆராய்ச்சி பண்ணலாம்" என்றாள்.

சந்தேகம் எனக்குச் சம்பளம் கொடுத்த தொழில் பாப்பா. இருபத்தாறு வருடமாக கரங்கான் பக்கத்து செம்பனை எண்ணெய் ஆலையில் தரம் பார்க்கும் கிரேடராக நிற்கிறேன். லோரி வந்து குலைகளைக் கொட்டும். எந்த லோரியிலும் மேலே இருப்பது சிவந்து பழுத்த குலைதான். அடியில் என்ன இருக்கிறது என்று கொக்கியால் இழுத்துப் பார்ப்பதுதான் என் வேலை. கறுத்த காயை அடியில் போட்டு மறைப்பார்கள். எடை கூடட்டும் என்று தண்ணீர் தெளிப்பார்கள். உதிரிப் பழத்தோடு மணலைக் கலப்பார்கள். காம்பை நீளமாக விட்டு அதையும் நிறுக்கப் பார்ப்பார்கள். நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறவன் கிரேடர் இல்லை. குலையிலிருந்து பழம் தானாக உதிர்ந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இந்தக் கண்ணோடுதான் நான் சுங்கை பட்டாணியில் அந்தக் கம்ப்யூட்டர் சாமான் கடைக்குள் போனேன்.

கடையை நடத்துவது நம் தமிழ் அம்மாள் ஒருவர்தான், நாற்பத்தைந்து வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கேம் விளையாட ஹெட்போன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒன்றை எடுத்து வைத்து சுவிட்சைப் போட்டார். தீபாவளிக்கு கோயில் வாசலில் போடுவது போல் சிவப்பும் நீலமும் பச்சையுமாக ஓடியது. "கேமிங்குக்குன்னே வந்ததுண்ணே. செவன் பாயிண்ட் ஒன். ஏழு ஸ்பீக்கர் சத்தம், பின்னால ஆள் வந்தாலும் கேக்கும்" என்றார். நான் காதுக்கிண்ணத்தின் பஞ்சைக் கழற்றி உள்ளே பார்த்தேன். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. "ஏழுன்னு சொன்னியேம்மா, மீதி அஞ்சு எங்க?" என்றேன். "அது சாப்ட்வேர்ல வருதுண்ணே" என்றார். பிறகு நான்கு கடை ஏறி விசாரித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: இருப்பது இரண்டு காது, அதற்கு நல்ல ஸ்பீக்கர் இரண்டு போதும். பின்னால் வருகிறவனின் காலடியை அவையே சொல்லிவிடும். நீ கொடுக்கிற காசில் பாதி அந்த விளக்குக்கும், அட்டையில் 'கேமிங்' என்று அச்சடித்ததற்கும் போகிறது. விளக்கை நீ பார்க்கப்போவதும் இல்லை, அது உன் தலைக்கு மேல் எரிகிறது. இனி நீயே எதையாவது வாங்கப் போனால் விளக்கெரியும் ஹெட்செட்டை மட்டும் நம்பாதே.

ஆன்லைனில் வாங்கினால் மலிவு என்று மில் கிளார்க் சொன்னார். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். ஐந்து நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் என்று வரிசையாக இருந்தது. நான் ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். 'பொருள் வந்து சேர்ந்தது, இன்னும் போட்டுப் பார்க்கவில்லை, மிக நன்று' என்று ஒருவர். 'தம்பிக்குப் பரிசு, அட்டை அழகு' என்று இன்னொருவர். போட்டே பார்க்காதவன் எதற்கு நட்சத்திரம் கொடுக்கிறான்? ஐந்தை விட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படி. அவர்கள்தான் நிதானமாக இருக்கிறார்கள். ஆறு மாதத்தில் காது பஞ்சு உரிந்தது, கண்ணாடி போட்டால் பொட்டில் வலிக்கிறது, வயர் கழுத்து ஒடிந்தது என்று உண்மை அங்கேதான் இருக்கிறது. வயர் இல்லாததையும் நான் ஒதுக்கிவிட்டேன். நம் பட்ஜெட்டில் வயரில்லாமல் வருகிறது என்றால் வேறெங்கோ குறைத்திருக்கிறான் என்று அர்த்தம். பாட்டரி இறங்கிவிட்டால் சண்டை நடுவில் நீ செவிடு.

நீ கண்ணாடி போடுகிற பெண் என்பதால் உன் பழைய கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். திரும்ப அந்த முதல் கடைக்கே போய், ஒவ்வொரு ஹெட்போனையும் கண்ணாடியோடு மாட்டி இருபது நிமிடம் உட்கார்ந்தேன். உன் கண்ணாடியில் எனக்கு உலகமே மங்கலாகத் தெரிந்தது. கடைக்கார அம்மாள், "தலைக்கு வாங்குறீங்களா, தலைமுறைக்கு வாங்குறீங்களா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. முதல் ஐந்து நிமிடம் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும், பதினைந்தாவது நிமிடத்தில்தான் அது அமுக்குகிறதா என்று தெரியும். தோல் மாதிரி பளபளக்கும் பஞ்சு வேண்டாம், நம் ஊர் வேர்வையில் அது சீக்கிரமே உரிந்து கன்னமெல்லாம் கறுப்புத் தூளாக ஒட்டும். துணிப் பஞ்சு எடுத்திருக்கிறேன், கழற்றித் துவைக்கலாம், வேறு மாற்றலாம். வயரும் தனியாகக் கழன்று வரும், ஒடிந்தால் வயரை மட்டும் வாங்கினால் போதும். இதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை என்றும் தோன்றுகிறது. தெரிந்திருந்தும் என்னை ஏன் அனுப்பினாய் என்று ஒரு சந்தேகம் இன்னும் இருக்கிறது.

மைக் விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் உன் பழைய ஹெட்செட்டைப் பற்றிப் பேசாமல் முடியாது. அதை வாங்கி வந்ததும் நான்தான். பாடாங் செராய் பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், சாக்குத் துணியில் குவித்து வைத்திருந்தவனிடம் பேரம் பேசி வாங்கினேன். குலைக்கு அடியில் காய் பார்க்கிறவன் அன்றைக்கு விளக்கைப் பார்த்து மயங்கிவிட்டேன். அந்த மைக் உன் வாயில் வந்ததை மட்டும் வாங்கவில்லை. காற்றாடி, பக்கத்து வீட்டுச் சேவல், கோயில் ஒலிபெருக்கி, அம்மா தாளிக்கிற சத்தம், நான் அம்மாவைத் திட்டுகிற சத்தம், எல்லாம் அதற்கு ஒன்றுதான். நம் வீட்டில் நடப்பது நாலு ஊருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

என் சுபாவம் உனக்குப் புதிதில்லை. உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் பழைய பேப்பர் வாங்குகிறவன் வேடத்தில் அவர்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய், அவள் அண்ணனோடு எப்படிப் பேசுகிறாள் என்று வேவு பார்த்தவன் நான். இரண்டு கட்டு பேப்பரை என் தலையில் கட்டித்தான் அனுப்பினார்கள். தமிழ்ப்பள்ளியில் நீ ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கி வந்தாய். நான் மறுநாள் ஆசிரியரிடம் போய், "நிஜமாவே இவதான் மொதலா? மார்க்கு தாளக் காட்டுங்க" என்றேன். அவர் காட்டினார். உன்னைவிட அடுத்தவளுக்கு நான்கு மார்க் குறைவு. திரும்பி நடக்கும்போது நீ என் கையைப் பிடிக்கவில்லை. பள்ளி வாசல் வரைக்கும் கோப்பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டே வந்தாய். நான் அதைக் கவனித்தேன், ஆனால் கை இரண்டிலும் கோப்பை இருந்ததால் பிடிக்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உனக்குப் பத்தொன்பது வயது, மேல்படிப்புக்கு இடம் வருமா என்று காத்திருந்த காலம். அறைக்கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு ஹெட்செட்டை மாட்டி உட்கார்ந்திருப்பாய். என்ன என்று கேட்டால் கூட்டாளிகளோடு சேர்ந்து அசைன்மெண்ட் என்பாய். படிப்பு முடிந்து இடத்துக்குக் காத்திருக்கிறவளுக்கு ஏது அசைன்மெண்ட்? அந்த ஒரு பொய்யைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நான் கதவுக்கு வெளியே காதை வைக்க ஆரம்பித்தேன். காதில் ஹெட்போன் மாட்டியவளிடம் ஒட்டுக்கேட்டால் பாதிதான் கிடைக்கும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நீ சொல்வது கேட்கும், உனக்குச் சொல்வது கேட்காது. "அவன் வீட்டுக்குள்ள இருக்கான், பின்பக்கமா போ." "வெச்சிட்டேன், எல்லாரும் வெளிய ஓடுங்க." இதுவரைக்கும் ஏதோ விளையாட்டு என்று விட்டிருப்பேன். ஒரு நாள், "சனிக்கிழம சாயந்தரம் அப்பா கோயில் மீட்டிங்குக்குப் போயிருவாரு. அப்ப வெச்சுக்கலாம். காசு வந்தா அஞ்சு பேருக்கும் சமமா பிரிச்சிக்குவோம்" என்றாய். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சூதாட்டமா, ஆள் ஏமாற்றும் கும்பலா, எவனோடாவது ஓடப் போகிறாளா என்று மூன்று பேயும் சேர்ந்தே வந்தன.

'கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பார்கள். விசாரிக்கிறேன் பேர்வழி என்று நான் செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய். சனிக்கிழமை வேட்டி கட்டிக் கோயிலுக்குக் கிளம்புவது போலக் கிளம்பி, பத்து நிமிடத்தில் திரும்பி வந்தேன். நீ திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாய், நான் உள்ளே வந்தது உனக்குக் கேட்கவில்லை. பின்னாலிருந்து உன் தலையிலிருந்த ஹெட்செட்டை உருவி என் தலையில் மாட்டிக்கொண்டேன். அந்தப் பக்கம் நான்கு பேர் இருந்தார்கள். லோரி டிரைவர்களை நிறுத்திக் கேட்பது போல ஒவ்வொருவராகக் கேட்டேன். "நீ யாரு? எந்த ஊரு? ஒன் அப்பா பேரு என்ன? அடையாள கார்டு நம்பர சொல்லு. எவ்வளவு காசு? யாரு காசு?" யாரும் பதில் சொல்லவில்லை. பதில் வராதது எனக்கு இன்னும் பெரிய சாட்சியாகப் பட்டது. அது ஒரு போட்டி என்றும், அது இறுதி ஆட்டம் என்றும், காசு என்பது பரிசு என்றும், ஆட்டத்தோடு உங்கள் ஐந்து பேர் பேச்சையும் நூற்றுக்கணக்கானவர்கள் நேரலையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றும் எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்று இப்போது என்னையே சந்தேகப்படுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றை உனக்கு நான் சொன்னதே இல்லை. இரண்டு நாள் கழித்து, எடைமேடையில் நின்ற ஒரு லோரி டிரைவர் போனை நீட்டி, "அண்ணே, இது ஒங்க சத்தம் மாறி இருக்கே?" என்றார். எவனோ அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்பியிருந்தான், கீழே சிரிப்புப் படங்கள். நான் கேட்டேன். என் குரலை வெளியிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. குலையைக் கொக்கியால் குத்துகிற குரல். அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, இன்னொரு குரல் இருந்தது. "ப்பா, வேணாம்ப்பா. எல்லாரும் கேக்கறாங்கப்பா. குடுத்துருங்கப்பா." ஐந்தாறு தடவை சொல்கிறாய். கடைசித் தடவை அழுகிறாய். நான் உனக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றேன் பாப்பா, எனக்கு அது கேட்கவில்லை. என் இரண்டு காதும் உன் ஹெட்போனுக்குள் இருந்தது. ஊரே கேட்ட உன் குரலை அந்த அறையில் இருந்த நான் மட்டும் கேட்கவில்லை. டிரைவரிடம் அது நான் இல்லை என்று சொல்லிவிட்டு, குலை கொட்டும் ரேம்ப்புக்குப் பின்னால் போய், குப்பைக்குப் போகும் வெறுங்குலை மேட்டுப் பக்கம் நின்று அழுதேன்.

மில்லில் ஒரு முறை உண்டு. லோரி முழுவதையும் யாராலும் பார்க்க முடியாது. கொஞ்சம் குலைகளை எடுத்துப் பார்ப்போம், அதில் எவ்வளவு காயோ அதை வைத்து முழு லோரிக்கும் விலையை வெட்டுவோம். நியாயமான குலையும் சேர்ந்து அடிவாங்கும். டிரைவர் கெஞ்சினாலும் கணக்கு அதுதான். அந்த முறையைச் சட்டையோடு கழற்றி மில்லிலேயே மாட்டிவிட்டு வந்திருக்க வேண்டும், நான் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். ஒரு 'அசைன்மெண்ட்' பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு உன் மொத்த லோரியையும் வெட்டினேன். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று ஊருக்குச் சொல்வேன். நீ அதற்கப்புறம் மைக்கில் பேசவே இல்லை. சிறிய இயர்போன் ஒன்றைச் சொருகிக்கொண்டு விரலால் தட்டித் தட்டி விளையாடினாய், பிறகு அதையும் விட்டாய். குலிம் தொழிற்சாலையில் சேர்ந்தாய். வீட்டில் உன் குரல் சோறு போதும், வரேன், சரி என்ற அளவுக்குச் சுருங்கியது. நான் மன்னிப்பு கேட்கவில்லை. நீயாகப் பேசுவாய் என்று காத்திருந்தேன், அதுவும் ஒரு வகை விசாரணைதான்.

இந்த நிலைமையில்தான் கோலாலம்பூர் வேலை வந்தது. விளையாட்டுப் போட்டிகளுக்குத் தமிழிலும் மலாயிலும் வர்ணனை சொல்லும் வேலை என்றாய். நேர்முகத் தேர்வு இல்லை, ஹெட்போன், மைக் சொந்தமாகக் கொண்டு வரவேண்டும் என்றாய். வேலை என்று ஆசை காட்டிப் பிள்ளைகளை எங்கோ கொண்டு போய், காதில் ஹெட்செட்டை மாட்டி, ஊரை ஏமாற்றிப் பேசச் சொல்கிறார்கள் என்று தினமும் செய்தி வருகிறதே. நீ குளிக்கப் போன நேரம் உன் வேலைக் கடிதத்திலிருந்த எண்ணை எழுதிக்கொண்டு, மறுநாள் மில்லிலிருந்து போன் போட்டேன். இதற்கு நீ கோபப்பட்டால் அது நியாயம். ஒரு பெண் எடுத்தாள். நான் குரலை மாற்றிக்கொண்டு, "வேல விஷயமா கேக்கணும். ஒங்க ஆபீஸ் எங்க இருக்கு? லைசன்ஸ் இருக்கா? மொதலாளி யாரு, அவரு எந்த ஊரு?" என்றேன்.

"அங்கிள், நீங்க பாடாங் செராய் அங்கிள்தானே?" என்றாள். "நான்தான் ஷாலினி, கோல கெட்டில் ஊரு. அன்னிக்கு ஹெட்செட்ல மொதல்ல என்னைத்தான் கேட்டீங்க." போனை வைத்துவிடலாமா என்று பார்த்தேன். அவள் அலுவலக விலாசம், பதிவு எண், அலுவலகத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது வரை நிதானமாகச் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்த பிறகு, "அன்னிக்கு நீங்க தோத்தது என்னாலதானேம்மா?" என்று கேட்டேன். "நீங்க பேசுனது ரெண்டு நிமிஷம்தான்லா அங்கிள். அத சமாளிச்சிருப்போம். ஹெட்செட் திரும்ப அவ கைக்கு வந்தப்பறமும் அவ பேசல. எவன் எங்க நிக்கறான், நாங்க எங்க போவணும்னு அவதான் சொல்வா. அவ வாய மூடுனதும் நாங்க நாலு பேரும் கண்ணக் கட்டுன மாறி ஆயிட்டோம். அந்தக் கொரல் வேணும்னுதான் இப்பவும் கூப்புட்டிருக்கேன்" என்றாள். வைக்கப் போகும்போது, சொல்லலாமா கூடாதா என்று தயங்கி ஒன்று சொன்னாள். "வேலைக்கு வர்றியான்னு கேட்டப்ப சம்பளத்த அவ அப்பறம்தான் அங்கிள் கேட்டா. மொதல்ல கேட்டது, ரூம்புக்கு உள்பக்கம் பூட்டு இருக்கான்னு."

அந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் மைக் பார்த்தேன். கடையில் இரண்டு சாதி இருக்கிறது. கண்டென்சர் என்று ஒன்று, குரல் இனிமையாக விழும், ஆனால் பக்கத்து அறையில் தும்மினாலும் வாங்கிக்கொள்ளும். டைனமிக் என்று இன்னொன்று, வாய்க்கு நேராக நாலு விரல் தூரத்தில் வைத்துப் பேச வேண்டும், பின்னாலும் பக்கவாட்டிலும் இருப்பதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. உனக்கு இரண்டாவதைத்தான் வாங்கினேன், யூஎஸ்பி வயர் வைத்தது, கம்ப்யூட்டரில் நேராகச் சொருகலாம். கடையில் நான் அதற்குப் பின்னால் நின்று அன்று கத்திய அளவுக்குக் கத்திப் பார்த்தேன். கடைக்கார அம்மாள் முன்னால் இருந்து பேசினார். பதிவைப் போட்டுக் கேட்டோம். அவர் குரல் தெளிவாக இருந்தது, என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஏதோ முணுமுணுப்பு. அவருக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பயம் வந்திருக்கும். மைக்கில் சத்தத்தை நிறுத்தும் பொத்தானையும் சோதித்தேன். சிவப்பு விளக்கு எரிந்தால் நின்றுவிட்டது என்று அட்டை சொல்கிறது. அட்டை சொன்னால் போதுமா? பொத்தானை அமுக்கிவிட்டுப் பேசி, பதிவாகவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். நீயும் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டியதும் ஒரு தடவை செய்து பார். மேசைமேல் அப்படியே வைக்காமல் மைக்கின் அடியில் மடித்த துண்டு ஒன்றைப் போடு, கீபோர்டு தட்டுவது இடி மாதிரி விழாது.

ஹெட்போனில்தான் கடைசிவரை மனம் அலைந்தது. முதுகு திறந்த வகை ஒன்று இருக்கிறது. அதை மாட்டினால் விளையாட்டுச் சத்தமும் கேட்கும், வெளியே கதவு திறப்பதும் கேட்கும். தெரியாத ஊர், தெரியாத வீடு, யார் உள்ளே வந்தாலும் என் மகளுக்குத் தெரிய வேண்டும் என்று அதைத்தான் முதலில் எடுத்து வைத்தேன். பில் போடச் சொல்லிவிட்டேன். அதை மாட்டினால் உன் காதில் விழுவது வெளியே நிற்பவனுக்கும் கேட்கும் என்று அந்த அம்மாள் அப்போதுதான் சொன்னார். மைக்குக்கும் அது ஆகாது, அந்தப் பக்கம் பேசுகிறவர் குரலே மைக்கில் விழுந்து அவருக்கே திரும்பிப் போகும் என்றார். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இது உன் பாதுகாப்புக்கா, இல்லை உன் கதவுக்கு வெளியே இன்னும் நிற்கிறேனே, அந்த எனக்கா? பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூடிய வகையை வாங்கினேன். இந்தப் பெட்டியில் இருப்பது அதுதான். உன் அறைக்குப் பூட்டு இருக்கிறது, அது போதும். பூட்டு நல்ல பூட்டா என்று மட்டும் இழுத்துப் பார்த்துக்கொள், கைப்பிடியோடு வருகிற பூட்டை நம்பாதே.

என் சந்தேகத்தை முழுக்கத் தூக்கி எறி என்று உனக்குச் சொல்லமாட்டேன். ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன் எல்லாப் பக்கமும் படி. பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கையில் கொடுக்காதே, ஷாலினி கேட்டாலும்தான். உன் குரலைக் கேட்டுவிட்டு இனிக்க இனிக்க எழுதுகிறவர்களிடம் ஐந்து நட்சத்திரக்காரர்களிடம் இருப்பது போல் இரு. ஆனால் ஒருவரிடம் ஒரு காய் கண்டால் அந்த ஒரு காயை மட்டும் தள்ளு. இதை நான் செய்யத் தவறிய பிறகுதான் கற்றுக்கொண்டேன். அன்றைக்கு உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை இப்போது கேட்கிறேன் பாப்பா. தப்பு என் மேல்தான். நீ மன்னித்தாயா என்று நான் விசாரிக்கமாட்டேன்.

கடையில் காசு கட்டி முடித்த பிறகு, "இன்னொன்னு வேணும்மா, எனக்கு. வெல கம்மியா" என்றேன். அந்த அம்மாள் மைக் வைத்த ஒன்றை எடுத்தார். மைக் இல்லாதது வேண்டும் என்றேன். "இப்ப இந்த வெலைக்கு எல்லாம் மைக்கோடதான்ண்ணே வருது. இருந்தா இருந்துட்டுப் போவட்டுமே, என்ன நட்டம்?" என்றார். "வேணாம்மா. இருந்தா நான் பேசிருவேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஏணி போட்டு ஏறி மேல் தட்டில் தேடி, தூசி படிந்த பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் அதையும் பிரித்து, எங்காவது ஊசித்துளை அளவுக்கு மைக் ஒளிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு உன் முதல் வர்ணனை என்று உன் அம்மா சொன்னாள். நான் உன் பழைய மேசையில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ சத்தமாகப் பேசு.

அப்பா